ஸ்டேஷன் பக்கமா, உள்ளே தள்ளியா?



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியம், கல்வெட்டு, சான்றோர் ஒருவரின் வாழ்வும் பணியும் என்று தலைப்பு அமைவது வழக்கம். அழைப்பிதழில் என் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர், மனை விற்கிற கம்பெனி ஏதாவது இந்த நிகழ்ச்சிக்குச் செலவு செய்கிறதா என்று கேட்டார். இல்லை. நான் புவியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். படித்து முடித்துப் போன பிள்ளைகள் எங்கேனும் எதிர்ப்பட்டால் பாடத்தைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. கல்யாணம் ஆகி, கையில் கொஞ்சம் சேமிப்பும் வங்கிக் கடனுக்கு வழியும் வந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்கிறார்கள்: "சார், தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்திலேயே சின்னதா ஒரு ஃபிளாட் வாங்கலாமா, இல்லை அதே காசுக்கு உள்ளே தள்ளி மனை வாங்கிக் கட்டிக்கலாமா?" என் பார்வையில் புவியியலின் ஆகப் பெரிய கேள்வி அதுதான். தெருவில் நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். இன்று ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமானால் எழுந்து போகிறவர்களுக்கு வசதியாக இருக்கும். தள்ளிப் போக வேண்டி வந்தால் ரயில் பாதையை ஒட்டியே தள்ளிப் போங்கள். பாதையை விட்டு விலகி உள்ளே போகாதீர்கள். இரண்டாவது, தூரத்தைச் சம்பாதிக்கிறவரின் வண்டியை வைத்து அளக்காதீர்கள். வீட்டில் வண்டி ஓட்டத் தெரியாதவர் யாரோ அவர் காலை வைத்து அளங்கள். இனி நான் சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டுக்கும் விளக்கம்.

தாம்பரத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் தள்ளியிருந்த இடம் எப்படி நடுவிடமாகிறது என்பதை இந்த ஊரைப்போலத் தெளிவாகக் காட்டும் ஊர் சென்னையைச் சுற்றிக் குறைவு. 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்கு மருத்துவமனை தொடங்க இந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். நல்ல காற்று, ஜன நடமாட்டம் இல்லாத இடம். நகரத்துக்கு ஒதுக்குப்புறம் என்பதுதான் அன்றைக்கு அந்த நிலத்தின் சிறப்பு. 1931 மே 11-ஆம் தேதி கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதை, சுமார் 29 கிலோமீட்டர். 1937-ல் ஜார்ஜ் டவுனின் நெரிசலிலிருந்து கிறித்தவக் கல்லூரி இங்கே குடிபெயர்ந்தது. ரயில் நிற்கும் இடத்தில் டீக்கடை வந்தது, டீக்கடைப் பக்கத்தில் மளிகை, மளிகைக்குப் பின்னால் வீடுகள். 1964-ல் நகராட்சி. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகளுடன் மாநகராட்சி. ஒதுக்குப்புறம் என்று நோயாளிகளுக்காகத் தேர்ந்த இடத்தில் இன்றைக்கு ஒரு காலி மனை கிடைக்காது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் நடந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். நடக்க இடம் இருக்காது. துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை, அவற்றின் வாசலை மறைத்துக்கொண்டு தள்ளுவண்டி, தள்ளுவண்டிக்கு முன்னால் தரையில் பூக்கூடை. ரயிலிலிருந்து இறங்கி வருகிறவர்கள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே கொத்தமல்லிக் கட்டு, பிள்ளைக்குச் சார்ட் பேப்பர், கைப்பேசிக்கு ஒரு கண்ணாடி உறை எல்லாம் வாங்கி முடித்துவிடுகிறார்கள். இதற்கென்று தனியாக ஒரு பயணம் அவர்களுக்குக் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்குப் போடும்போது உதவும்.

கொஞ்சம் பாடம் நடத்த அனுமதி கொடுங்கள், பழக்க தோஷம். 1826-ல் வடக்கு ஜெர்மனியில் ஃபான் தூனன் என்ற பண்ணையார் ஒரு நூல் எழுதினார். நடுவில் ஒரு சந்தை நகரம், சுற்றிலும் ஒரே மாதிரியான சமவெளி என்று வைத்துக்கொண்டால் எந்த நிலத்தில் எது விளையும் என்பது அவர் கேள்வி. சீக்கிரம் கெட்டுப்போகிற பாலும் காய்கறியும் நகரத்தை ஒட்டி, அடுத்த வளையத்தில் விறகுக் காடு, அதற்கு அப்பால் தானியம், கடைசியில் மேய்ச்சல் நிலம். சந்தைக்குக் கொண்டுபோகிற செலவு கூடக் கூட நிலத்தின் மதிப்பு குறைகிறது. 1964-ல் வில்லியம் அலோன்சோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதே தர்க்கத்தை நகரத்து வீடுகளுக்குப் பொருத்தினார். பால், தானியம் இருந்த இடத்தில் இப்போது மனிதர்கள். வேலைக்குப் போய்வருகிற செலவும் நிலத்தின் விலையும் ஒன்றையொன்று ஈடுகட்டும். சிறிய வீட்டோடு குறைந்த பயணம், பெரிய வீட்டோடு நீண்ட பயணம், உங்கள் விருப்பம்போல் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது சாரம்.

அழகான கோட்பாடு. தாம்பரத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, நம் ஊர் ஒரே மாதிரியான சமவெளி இல்லை. ரயில் பாதை என்று ஒன்று ஓடுகிறது, ஏரி என்று ஒன்று கிடக்கிறது. இன்னொன்று, அந்தக் கணக்கில் வேலைக்குப் போகிறவர் மட்டும்தான் மனிதர். வீட்டில் இருக்கிறவர்களுக்கு அதில் தூரமே கிடையாது.

முதல் இடிப்பை முதலில் பார்ப்போம். நகரங்கள் வட்டமாக வளர்வதில்லை, போக்குவரத்துப் பாதையை ஒட்டி ஆப்பு ஆப்பாக நீள்கின்றன என்று ஹோமர் ஹாய்ட் 1939-லேயே அமெரிக்க நகரங்களை வைத்துக் காட்டிவிட்டார். நமக்கு இதற்குப் புத்தகம் வேண்டாம், செங்கல்பட்டு வண்டியில் ஏறினால் போதும். தாம்பரத்துக்கு அடுத்து பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. கூடுவாஞ்சேரி தாம்பரத்திலிருந்து பத்து, பதினொரு கிலோமீட்டர் இருக்கும். வண்டி கிடைத்துவிட்டால் இருபது நிமிடத்துக்குள் இறங்கிவிடலாம். இப்போது தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து மேற்கே முடிச்சூர் சாலையில் திரும்பி, முடிச்சூரும் தாண்டி உள்ளே ஐந்தாறு கிலோமீட்டரில் ஒரு வீடு. வரைபடத்தில் இது பக்கம், கூடுவாஞ்சேரி தூரம். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருந்து, அது ஒவ்வொரு தெருமுனையிலும் ஆளை இறக்கி ஏற்றி, மழைநீர் வடிகாலுக்கு வெட்டிய பள்ளத்தைச் சுற்றி ஊர்ந்து, கடைசியில் விட்ட இடத்திலிருந்து நடந்து வீடு சேர அரை மணிக்கு மேல் ஆனால் யாரும் ஆச்சரியப்படப்போவதில்லை. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் இருப்பவர் அதற்குள் சாப்பிட உட்கார்ந்திருப்பார்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. தாம்பரம் வரை வருகிற வண்டிகள் எல்லாம் செங்கல்பட்டு போவதில்லை. தாம்பரத்தோடு திரும்பிவிடுகிறவை நிறைய. அங்கே ஒரு வண்டியை விட்டால் அடுத்தது பின்னாலேயே வரும். கூடுவாஞ்சேரிக்கோ மறைமலை நகருக்கோ அப்படிச் சொல்ல முடியாது. இரவு ஒன்பது மணிக்கு மேல் தாம்பரம் நடைமேடையில் செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருக்கிற கூட்டத்தைப் பார்த்தால் அவர்கள் வாங்கிய மனையின் உண்மையான விலை முகத்தில் எழுதியிருக்கும். ஆகவே பாதையை ஒட்டிப் போங்கள் என்று சொல்லும்போது, கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. தாம்பரம் மட்டும்தான் நடுவிடம் என்று நாம் பேசிக்கொண்டிருப்பதே பழைய பழக்கம். பொத்தேரி ஸ்டேஷனை ஒட்டிப் பல்கலைக்கழகம் வந்தபிறகு அங்கே தனி ஊரே எழுந்துவிட்டது. மறைமலை நகர், சென்னையின் நெரிசலைக் குறைக்கவென்றே பெருநகர் வளர்ச்சிக் குழுமம் திட்டமிட்டு உருவாக்கிய ஊர். ஸ்டேஷன், தொழிற்பேட்டை, அகலத் தெரு எல்லாம் முதலிலேயே வரைந்து செய்தது. ஃபோர்டு தொழிற்சாலை வந்தது, 2021-ல் மூடப்போவதாக அறிவித்தது. அதற்காக அந்த ஊர் கலைந்துவிடவில்லை, ஏனென்றால் பள்ளியும் கடையும் ரயிலும் அங்கே இருந்தன. தாம்பரத்துக்கு எவ்வளவு பக்கம் என்று கேட்பதைவிட எந்தக் கடைத்தெருவுக்கு நடக்கிற தூரம் என்று கேட்பது இன்று பொருத்தம். கூடுவாஞ்சேரிக் கடைத்தெருவுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறவர், தாம்பரம் பேரைச் சொல்லி ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் அப்பால் எங்கோ உள்ளே இருக்கிறவரைவிட ஊருக்குள் இருக்கிறார் என்பேன்.

சரி, காசுக் கணக்கு. இதை எல்லாரும் போடுகிறார்கள், பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம்: வேலைக்குப் போகும் கணவன் மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளை, கூடவே அம்மா. ஸ்டேஷன் பக்கம் வாடகை 16,000, உள்ளே தள்ளி அதைவிடப் பெரிய தனி வீடு 10,000 என்று எழுதுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 6,000 மிச்சம். வழக்கமாகக் கணக்கு இங்கே முடிந்து அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். உள்ளே போனதும் ஒரு வண்டி போதாது, இரண்டாவது ஸ்கூட்டி வேண்டும். அதற்குத் தவணை 2,700. இரண்டு வண்டிக்கும் கூடுதலாகப் பெட்ரோல் 1,800. நடந்து போன பிள்ளைக்கு வேன் 1,800. அம்மாவை மருத்துவமனைக்கும் கல்யாணத்துக்கும் கூட்டிப்போகிற ஆட்டோ 1,000. கூட்டினால் 7,300. ஆறாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் 1,300 கைநட்டம். ஸ்கூட்டி கடன் தீர்ந்த பிறகு நிலைமை மாறும். அப்போது உள்ளே இருக்கிறவருக்கு மாதம் 1,400 மிஞ்சும், வண்டிக்குப் பழுதுபார்க்கும் செலவு வராமலிருந்தால். நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். அந்த 1,400 ரூபாய்க்கு வீட்டில் இரண்டு பேர் தினமும் எத்தனை நேரம் சாலையில் செலவழிக்கிறார்கள் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

வீட்டுக் கடன் கொடுக்கிற வங்கி மேலாளர் சம்பளச் சீட்டைக் கேட்பார், வில்லங்கச் சான்று கேட்பார், தாய்ப் பத்திரம் கேட்பார். பெட்ரோலுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சிகாகோவில் ஓர் ஆய்வு நிறுவனம் 2006 முதல் வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் ஒன்றாகக் கூட்டி, அது வருமானத்தில் 45 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் அந்த வீடு கட்டுப்படியாகும் என்று ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டிவருகிறது. அமெரிக்க விழுக்காடு நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் இரண்டு செலவையும் ஒரே வரியில் எழுத வேண்டும் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

இப்போது இரண்டாவது இடிப்புக்கு வருகிறேன். நான் இன்று பேச வந்ததே இதற்காகத்தான்.

எழுபது வயது அம்மா ஒருவர். ஸ்டேஷன் பக்கத்து இரண்டாம் மாடி ஃபிளாட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு இறங்குகிறார். தெருமுனையில் அரைக்கீரை ஒரு கட்டு. விலை கூடிவிட்டதாக ஒரு சின்ன வாக்குவாதம். மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரை பத்து நாளைக்கு மட்டும் வெட்டிக் கொடுக்கச் சொல்கிறார். பிள்ளையார் கோவிலில் ஐந்து நிமிடம். தெரிந்த பெண்மணி ஒருவரைப் பார்த்து, அவர் மருமகளைப் பற்றிக் கேட்டுவிட்டு, தன் மருமகளைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஒரு முழம் பூவோடு வீடு திரும்புகிறார். இதில் எதற்கும் அவர் யாரையும் எதிர்பார்க்கவில்லை.

அதே அம்மா உள்ளே தள்ளிய தனி வீட்டில். வீடு பெரிது, அவருக்கென்று தனி அறை, வாசலில் கோலம் போட இடம், பின்னால் ஒரு முருங்கை. மாத்திரை தீர்ந்தால் மகனிடம் சொல்ல வேண்டும். மகன் வாட்ஸ்அப்பில் ஆர்டர் போட்டுவிடுவான், மாத்திரை வாசலுக்கு வந்துவிடும். வராதது அந்த சாயங்காலம். கோவிலுக்குப் போக வேண்டும் என்றால், "ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்மா." இரண்டு ஞாயிறு வேறு வேலை வந்துவிடும், யார் மேலும் தப்பில்லை. மூன்றாவது ஞாயிறு அவர் கேட்கமாட்டார். பிள்ளைகள் அதை, அம்மாவுக்கு வீடு பிடித்துப்போய்விட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் இதே கதைதான், வேறு வடிவில். டியூஷனுக்கு, நண்பன் வீட்டுக்கு, பேட்மின்டன் ஆட எதற்கும் யாராவது கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர வேண்டும். பெண் குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். தெருவிளக்கு எரியாத ஒரு திருப்பமும் நாலு நாயும் போதும், ஏழு மணிக்கு மேல் வெளியே போவது நின்றுபோகும். பாதியில் கட்டி நிற்கும் வீடுகள், கருவேலம் மண்டிய காலி மனைகள், அவற்றுக்கு நடுவே குடிவந்த பத்து வீடுகள் என்று இருக்கிற நகர்களில் இது இன்னும் கடுமை. மனைப் பிரிவு நிரம்ப எத்தனை ஆண்டு ஆகும் என்று விற்கிறவர் சொல்வதில்லை. சில இடங்களில் ஒரு தலைமுறையே ஆகியிருக்கிறது.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் கட்டணம் கிடையாது. நம் அரசுகள் செய்தவற்றில் நான் மனமார மெச்சுகிற திட்டங்களில் ஒன்று. ஸ்டேஷன் பக்கத்தில் குடியிருக்கிற வீட்டுவேலைப் பெண்ணுக்கு அது மாதம் பல நூறு ரூபாய் சம்பள உயர்வு. ஆனால் பேருந்து வராத நகரில் கட்டணமில்லாப் பேருந்தால் யாருக்கு என்ன பயன்? அந்தச் சலுகை வீட்டிலிருந்து நிறுத்தம் எத்தனை தூரம் என்பதைப் பொறுத்துக் கரைந்துகொண்டே போகிறது. 2013-ல் சென்னையில் சிற்றுந்துகள் விட்டபோது பெரிய பேருந்து நுழைய முடியாத தெருக்களுக்கு விடிவு வந்தது என்று மகிழ்ந்தோம். அவை இன்னும் பல மடங்கு வேண்டும்.

மனிதர்கள் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம்தான் பயணத்துக்குக் கொடுக்கிறார்கள், வேகம் கூடினால் ஊரை அகலமாக்கிக்கொள்கிறார்களே தவிர நேரத்தைக் குறைத்துக்கொள்வதில்லை என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-ல் எழுதினார். நம் புறநகர்க்காரர்கள் அந்த ஒரு மணியைப் போகும்போதே செலவழித்துவிடுகிறார்கள். இருக்கட்டும். சராசரி என்ற சொல்லுக்குள் நான் மேலே சொன்ன அம்மா எங்கே இருக்கிறார்? அவருடைய பயண நேரம் பூஜ்யம். புள்ளிவிவரத்தில் பார்த்தால் அவர்தான் அதிர்ஷ்டசாலி!

நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தெருக்களில் படகு போனதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இந்த அரங்கில் சிலர் மொட்டைமாடியிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கம் ஏன் அப்படி மூழ்கியது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. ஆதனூர், மண்ணிவாக்கம் வட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் அடையாறாகச் சேர்ந்து ஓடுகிற வழி அது. மழைக்காலத்தில் தண்ணீருக்கும் கோடையில் மாட்டுக்கும் சொந்தமாக இருந்த நிலம், விலை குறைவு என்பதால் மனையானது. அலோன்சோவின் கணக்கில் தள்ளியிருப்பதால் நிலம் மலிவு. நம் ஊரில் சில நிலங்கள் தாழ்ந்திருப்பதால் மலிவு, விற்கிறவர் அதைத் தள்ளியிருப்பதால் மலிவு என்று சொல்லி விற்றுவிடுகிறார்.

ஸ்டேஷன் பக்கம் என்றால் மேடு என்று நினைத்துவிட வேண்டாம். குரோம்பேட்டைக்கு அருகிலுள்ள சிட்லபாக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். தியாகராய நகரே 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் உருவானது. அதனால் எங்கே வாங்கினாலும் கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள், ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் என்று அந்த ஊரில் ஆடுமாடு வளர்த்த பெரியவர் ஒருவரைக் கேளுங்கள், ஐப்பசியிலோ கார்த்திகையிலோ நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். தரகர் உங்களைச் சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கூட்டிப்போவார். அன்றைக்குச் சென்னையைச் சுற்றி எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும்.

பத்திர விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. பஞ்சாயத்து அப்ரூவல் என்ற ஒரு சொல்லை நம்பி உள்ளே தள்ளி வாங்கியவர்களில் பலர் அதன் பிறகு அலைந்த அலைச்சல் ஊரறிந்தது. ஸ்டேஷன் பக்கத்து ஃபிளாட்டில் வில்லங்கம் வேறு மாதிரி: உங்கள் பெயருக்கு வருகிற பிரிக்கப்படாத நிலப்பங்கு எவ்வளவு, பில்டர் அனுமதி வாங்கிய படமும் கட்டிய கட்டடமும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கிற கட்டணம் வீண்போகாது.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறக்கப்பட்டது. அன்று தொட்டு நெடுஞ்சாலை நெடுகிலும் பலகைகள்: "கிளாம்பாக்கத்திலிருந்து 10 நிமிடம்." எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று எந்தப் பலகையிலும் இல்லை, விடியற்காலை நான்கு மணிக்கு ஆம்புலன்ஸில் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த முனையத்தைத் திறந்த அன்று அதற்கென்று ஒரு ரயில் நிலையம் இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்திறங்கிய குடும்பம் மூட்டை முடிச்சோடு ஊருக்குள் வருவதற்கு மறுபடி ஒரு பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டியிருந்தது. மெட்ரோ வருகிறது, ஐ.டி. பூங்கா வருகிறது, புதுச் சாலை வருகிறது என்று எதை நம்பி விலை சொன்னாலும், அது வருகிற வரைக்கும் அம்மா எப்படி மருந்துக்கடைக்குப் போவார் என்று ஒரு கேள்வி கேளுங்கள். வந்த பிறகு விலை ஏறும், அதை மறுக்கவில்லை. நடுவில் இருக்கிற ஆண்டுகளையும் யாரோ ஒருவர் வாழ்ந்து தீர்க்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் உள்ளே தள்ளிப் போனவர்களை நான் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். ஸ்டேஷன் பக்கத்து வாழ்க்கையின் தொல்லை எனக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்து ஜன்னல். கார் நிறுத்த இடமில்லாமல் தெருவில் தினம் சண்டை. கோடையில் போர் வற்றி, லாரித் தண்ணீருக்கு அசோசியேஷன் கூட்டம். ஆடி மாதம் முழுக்க ஒலிபெருக்கி. தறி வைத்திருப்பவர், தையல் யூனிட் போடுகிறவர், மாடு வளர்ப்பவர், மூன்று தலைமுறை ஒரே கூரையில் இருக்க விரும்புகிறவர் இவர்களுக்கு 700 சதுர அடி எப்படிப் போதும்? சொந்த மண்ணில் ஒரு தென்னங்கன்று வைக்க வேண்டும் என்ற ஆசையைக் கணக்குப் போட்டு மறுக்க நான் யார்? வேலை மறைமலை நகர்த் தொழிற்பேட்டையிலோ ஒரகடத்திலோ இருக்கிறவருக்குத் தாம்பரமே தள்ளியிருக்கிற இடம்தான். அவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பெரிய வீட்டைக் கட்டுங்கள், அம்மா தனியாக நடந்து போய்த் திரும்பக்கூடிய ஒரு கடைத்தெரு பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

இதுவரை பேசியதெல்லாம் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களைப் பற்றி. அப்படி முடியாதவர்கள் இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டையொட்டி நகரத்துக்குள் ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 15,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். ஓலைக் குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு, உண்மைதான். ஆனால் மயிலாப்பூரிலும் சேத்துப்பட்டிலும் பாத்திரம் தேய்த்த பெண்கள், மீன் விற்ற பெண்கள், கட்டடச் சித்தாள்கள் ஆகியோரின் பிழைப்பெல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்தது. அதைக் கணக்கில் எடுத்திருந்தால் அவ்வளவு தொலைவில் கட்டியிருக்க மாட்டார்கள். நான் சொன்ன ஃபான் தூனன் வளையத்தில் யாரை எங்கே வைப்பது என்பதை அங்கே சந்தை முடிவு செய்யவில்லை, அரசாணை முடிவு செய்தது.

தாம்பரத்திலும் இதன் சிறிய வடிவம் நடக்கிறது. ஸ்டேஷனை ஒட்டி ஒரு கிரவுண்டில் ஓடு போட்ட தனி வீடுகள் இருந்த தெருக்களில் இப்போது கீழே கார் நிறுத்தம், மேலே மூன்று மாடி என்று எழுகிறது. நல்லதுதான்; நடக்கிற தூரத்தில் இன்னும் பலருக்கு இடம் கிடைக்கிறது. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தளப்பரப்பை முன்பைவிட அதிகமாக அனுமதிக்கின்றன. ஆனால் கட்டுவதெல்லாம் விற்பதற்கான ஃபிளாட்டாக இருக்கிறது. சண்முகம் சாலைத் துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிற பெண்ணுக்கு அதில் ஓர் அறைகூடக் கட்டுப்படியாகாது. கடை மூடிய பிறகு, ஸ்டேஷனுக்கு இரண்டு நிமிட தூரத்தில் வேலை பார்த்த அவர்தான் ஊரிலேயே நெடுந்தூரம் போகிறார்.

சென்னைப் பெருநகரப் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து 2022 அக்டோபரில் அரசு அறிவித்திருக்கிறது. புதிய பரப்புக்கு எல்லாம் திட்டம் வரைவார்கள், வரைய வேண்டியதுதான். அதற்கு முன்னால் தாம்பரம் மாநகராட்சி தன் கைக்குள் இருக்கிற சில வேலைகளைச் செய்யலாம். கடற்கரை–செங்கல்பட்டுப் பாதையில் தன் எல்லைக்குள் வருகிற ஸ்டேஷன் ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு, இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்தில் நடைபாதை. ஸ்டேஷன் வாசலிலிருந்து உள்நகர்களுக்கு இரவு கடைசி வண்டி வரும்வரை சிற்றுந்து வேண்டும் என்று போக்குவரத்துக் கழகத்திடம் விடாமல் கேட்பது. ஸ்டேஷனையொட்டி அரசு நிலம் கிடைக்கிற இடத்தில் வணிக வளாகத்துக்குப் பதிலாக வாடகைக் குடியிருப்பு, முதல் உரிமை அந்தக் கடைத்தெருவில் வேலை செய்கிறவர்களுக்கு. மூன்றாவதைச் சொன்னால் நிதி எங்கே என்று கேட்பார்கள். முதல் இரண்டுக்கு அந்தக் கேள்வி அவ்வளவாக எழாது. இங்கே வந்திருக்கிற மாமன்ற உறுப்பினர்கள் நடைபாதையிலிருந்து தொடங்கினால் போதும். அதற்கு முன் ஒரு சாயங்காலம் தங்கள் வீட்டு எழுபது வயதுக்காரர் ஒருவரோடு சண்முகம் சாலையில் நடந்து பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யலாம்.

கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம். எந்த நகரில் மனை வாங்கலாம் என்பதைத் தவிர.